கிறவல் வீதியும் ஆளில்லாத ஊர்களும்

சென்ற வருடம் எனது மகன் ஒரு சைக்கிள் வாங்கினான். அதன் விலையை இங்கு எழுதப்போவதில்லை. ஊரில் இருக்கும் அக்கா வாசித்தால் ஒரு கிழமைக்கு நித்திரை கொள்ளமாட்டா. பார்வைக்கு ரேஸ் சைக்கிள் போலத்தான் இருந்தது. ரயர் மட்டும் கொஞ்சம் தடிப்பு. தார் வீதியிலும் ஓடலாம், கல்லு வீதியிலும் ஓடலாம் என்றான். 'இதுக்குப் பேர் கிறவல் சைக்கிள் அப்பா' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கு பிறந்த பிள்ளை எனக்கு ஒரு புதுச்சொல் சொல்லித்தருவதாக நினைத்திருக்கிறான். கிறவல் எங்கள் சொல். வன்னியில் சிவந்த மண்ணையும் சரளையையும் ரக்ரரில் கொண்டுவந்து கொட்டி, உருளை உருட்டிவிட்ட வீதிக்கு வேறென்ன பெயர்? மாரியில் சேறு, கோடையில் புழுதி. தார் ஊற்றுவதற்கு எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராத இடமெல்லாம் கிறவல். அந்த வீதியில் ஓடுவதற்கென்றே ஐரோப்பாவில் தனியாகச் சைக்கிள் செய்து விற்கிறார்கள் என்பது எங்கள் பழைய லுமாலாக்களுக்குத் தெரிந்திருந்தால் அவை சம்பள உயர்வு கேட்டிருக்கும்.

அவன் கையில் ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தது. பிரான்சின் வடகிழக்கில் மேஸ் மாவட்டம். வாகனங்கள் வராத கிறவல் பாதைகள், அமைதியான நாட்டுப்புறம், வழிநெடுக வரலாற்றுச் சின்னங்கள் என்று அதில் போட்டிருந்தது. 'நீங்களும் வாங்கோ அப்பா, ரெண்டு நாள்தானே' என்று கேட்டான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தகப்பனைத் தன்னோடு கூப்பிடுவது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல. பாரிசில் முப்பது வருடம் சமையலறையில் நின்று தேய்ந்த முழங்காலைப்பற்றி யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். எனக்கு ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம்.

இது பயணக் கட்டுரை அல்ல. அந்த இரண்டு நாட்களும் எனக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டன. அதை உங்களோடு கதைக்கவே எழுதுகிறேன்.

பார்-லு-டுக் என்ற சிறிய நகரில் காரை விட்டுவிட்டு வெர்டனை நோக்கிப் புறப்பட்டோம். இரண்டுக்கும் இடையில் 70 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. 1916 பெப்ரவரி 21 அன்று ஜேர்மன் படை வெர்டன்மீது ஷெல் அடிக்கத் தொடங்கியபோது அங்கு போகிற பெரிய ரயில் பாதைகள் வெட்டுப்பட்டோ, ஷெல் வீச்சுக்குள் அகப்பட்டோ போயிருந்தன. மிஞ்சியது ஒடுங்கிய ஒரு சிறு ரயில் பாதையும் இந்த வீதியும். வீதி என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். ஏழு மீற்றர் அகலம். சுண்ணாம்புக்கல் உடைத்துப் பரவிய நாட்டுப்புறத்துப் பாதை. அதாவது கிறவல். இந்தக் கிறவலால்தான் கிழமைக்கு 90,000 ஆட்களும் 50,000 தொன் பொருட்களும் போயின. சராசரி 14 செக்கனுக்கு ஒரு லொறி, இரவும் பகலும். அந்த நாளைய கட்டி இறப்பர் ரயர்கள் மெதுமையான கல்லை மாவாக அரைத்தன. வீதியை மூடித் திருத்துவதற்கு நேரம் இல்லை. ஆகவே பக்கத்திலேயே கல்லுக்கிடங்குகளை வெட்டினார்கள். வீதியோரம் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். முன்னரங்குக்கு வயது போய்விட்ட படையினரும், குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும். அவர்களுடைய வேலை, ஓடிக்கொண்டிருக்கும் லொறியின் சில்லுக்குக் கீழே சவளால் கல்லை எறிவது. லொறி நிற்கக்கூடாது. பழுதானால் வாய்க்காலுக்குள் தள்ளிவிடவேண்டும். அடுத்த லொறி வந்து அந்தக் கல்லை நெரித்து இறுக்கிக்கொண்டு போகும். கால்நடையாகப் போகிற படையினர் வீதியில் மிதிக்கவே கூடாது, வயலுக்குள்ளால் நடக்கவேண்டும். பத்து மாதத்தில் லட்சக்கணக்கான தொன் கல்லை அந்த வீதி தின்றது.

பின்னர் மொறிஸ் பாறஸ் என்ற எழுத்தாளர் இதற்குப் 'புனித வீதி' என்று பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. கிலோமீற்றர்க் கற்களின் தலையில் படைவீரனின் இரும்புத் தொப்பி. 2006 இல் வீதிக்கு இலக்கம் மாற்றியபோது 1916 என்ற இலக்கத்தையே கொடுத்தார்கள். கல்லெறிந்தவர்களின் கைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நான் தேடினேன். அகப்படவில்லை.

இன்று அது தார் வீதி, கார்கள் பறக்கின்றன. ஆகவே நாங்கள் அதை விட்டு, சமாந்தரமாகப் போகும் வயல் பாதைகளால் ஓடினோம். வெள்ளைச் சரளை. கோதுமை வெட்டி முடிந்த காலம். மூன்று மணித்தியாலத்தில் கண்ட மனிதரை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். சந்தோசமாக இருந்தது. அதை ஒளிக்கத் தேவையில்லை. சில்லுக்குக் கீழே சரளை நெரிபடுகிற சத்தத்தை முப்பது வருடத்துக்குப் பிறகு கேட்டேன். மகன் கைவிட்டு ஓடிக்காட்டினான். நானும் முயன்று, விழத்தெரிந்தேன்.

அடுத்த நாள் வெர்டனுக்கு வடக்கே காட்டுக்குள் ஏறினோம். காடு என்றாலும் இது தானாக வளர்ந்த காடு அல்ல. யுத்தம் முடிந்தபின், இனி இங்கு உழவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது என்று அரசு தீர்மானித்த 'சிவப்பு வலய'த்தில் கொண்டுவந்து நட்டது. மரங்களுக்குக் கீழே நிலத்தைப் பார்த்தால் தெரியும். அம்மை வந்து மாறிய முகம். ஒரு முழம் சமநிலம் கிடையாது. பாதை மட்டும் வெள்ளையாக, நேராக, சில்லுக்கு இதமாகப் போகிறது. பாதையை விட்டு இறங்கவேண்டாம் என்று சொல்கிறார்கள். வெடிக்காத ஷெல்லுகள் இன்னமும் உள்ளே கிடக்கின்றன. வெர்டனுக்கு அப்பால் ஸ்பான்கூர் காட்டில் 1928 இல் இரசாயன ஷெல்லுகளைக் குவித்து எரித்த ஓர் இடம் உண்டு. ஏறத்தாழ எண்பது வருடம் கழித்து மண்ணைச் சோதித்தபோதும் ஆர்செனிக் அப்படியே இருந்தது. கிறவலுக்குள் மட்டும் நில், கரையில் கால் வைக்காதே. இந்தப் பாடம் எனக்குப் புதிதல்ல. வன்னியில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளுக்கு நடுவே நடந்தவர்கள் எவருக்கும் புதிதல்ல.

அப்படியே போய் ஃப்ளெரி என்ற கிராமத்தில் நின்றோம். கிராமம் என்று சொல்வது பழக்கதோஷம். 1913 இல் அங்கு 422 பேர் இருந்தார்கள். 1916 கோடையில் இரண்டு மாதத்துக்குள் அந்த ஊர் பதினாறு தடவை கைமாறியது. பிறகு கைமாற ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒரு சுவர்கூட இல்லை. புல் மூடிய கிடங்குகளுக்கு நடுவே சிறு பாதைகள். இது பேக்கரி, இது பள்ளிக்கூடம், இது கொல்லன் பட்டறை என்று குத்தி நட்டு எழுதியிருக்கிறார்கள். இப்படி அழிந்த ஊர்கள் ஒன்பது. அவற்றில் ஆறு ஊர்களில் ஒருவரும் குடியில்லை. ஆனால் அந்த ஊர்களுக்கு மேயர் உண்டு. வாக்காளர் இல்லாதபடியால் அரசாங்கம் நியமிக்கிறது. சனமில்லாத ஊருக்கு மேயர். சனமிருந்தும் தங்கள் ஊருக்குள் போகமுடியாமல் முள்ளுக்கம்பிக்கு வெளியே இருபத்தேழு வருடம் நின்ற மயிலிட்டிக்காரரை நினைத்துக்கொண்டேன். 2017 இல் அவர்களுக்குத் துறைமுகத்தோடு ஒரு துண்டு நிலத்தை விட்டார்கள்.

பேக்கரிக் குத்தியடியில் மகன் கேட்டான்: 'இதுக்குள்ளால சைக்கிள் ஓடலாமோ அப்பா?'

'ஓடக்கூடாதெண்டு எழுதியிருக்கோ?'

'எழுதேல்லை. அதுதான் கேக்கிறன்.'

அவன் கேட்டது சட்டத்தைப்பற்றி அல்ல என்று எனக்கு விளங்கியது. ஆனால் பதில் வரவில்லை.

இந்தக் கேள்வியை பிரெஞ்சுக்காரரே தமக்குள் கேட்டுச் சண்டை பிடித்திருக்கிறார்கள். 2016 மே 29 அன்று, நூறாவது ஆண்டு நினைவில், ஜேர்மன் திரைப்பட நெறியாளர் ஷ்லொண்டோர்ஃப் அமைத்த நிகழ்ச்சியில் இரு நாட்டு இளைஞர்கள் 3,400 பேர் மேளச் சத்தத்தோடு டூஓமோன் மயானத்தின் சிலுவைகளுக்கு நடுவே ஓடினார்கள். ஒலாந்தும் மேர்க்கலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளே கூக்குரல். பிரேதக்குழிக்கு மேலால் ஓட்டப்பந்தயமா என்று ஒரு பகுதியினர். அங்கே கிடக்கிறவர்களும் இந்த வயதுதான், அவர்களுக்கு மேலால் இளங்கால்கள் ஓடட்டுமே என்று மறுபகுதியினர். நான் அப்போது தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முதல் பகுதியினரோடு நின்றேன். இன்று அவ்வளவு நிச்சயமில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து ஆறு மாதம் ஆகவில்லை. 1919 ஏப்ரல் 28 இல் ஒரு பத்திரிகை போர்க்களங்களுக்குள்ளால் சைக்கிள் போட்டி ஒன்றை நடத்தியது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் தொடங்கி பிரசல்ஸ், அமியென், பாரிஸ், நாங்கள் காரை விட்ட அதே பார்-லு-டுக் என்று சுற்றி மறுபடி ஸ்ட்ராஸ்பூர்க். ஏழு கட்டங்கள், சுமார் 2,000 கிலோமீற்றர். வீதி இருந்த இடத்தில் கிடங்கு, ஊர் இருந்த இடத்தில் செங்கல் குவியல். அமியெனுக்குப் போன கட்டத்தில், பனிமழைக்குள், முதலாவதாக வந்தவருக்கே 18 மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. தொடங்கியவர்களில் நாலில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். அதைவிடவும் வேகமானவர்கள் மிஷ்லன்காரர். யுத்தம் முடியமுதலே, 1917 இல், போர்க்களங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கு வழிகாட்டிப் புத்தகம் போடத் தொடங்கிவிட்டார்கள். இது உல்லாசம் அல்ல, யாத்திரை என்று சொல்லிக்கொண்டார்கள். நம்பலாம். ஆனால் அவர்களிடம் விற்பதற்கு ரயரும் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. முதலாவது பதிலை தொண்ணூறுகளில் பாரிசில் இருந்த எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அங்கே சனம் சாகுது, இங்கே உனக்கென்ன கொண்டாட்டம்? கலியாண வீட்டில் பாட்டுப் போட்டாலும் இந்தக் கேள்வி வரும். கேட்டவரின் வீட்டில் புதுத் தொலைக்காட்சி இருப்பதை ஒருவரும் சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டாவது பதில் 2009 க்குப் பிறகு வந்தது. போனது போகட்டும், வாழ்க்கையைப் பார். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, சந்தோசப்படுவதே குற்றம் என்கிறது. செத்தவர்களுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. இரண்டாவது, கேள்வியையே தூக்கி வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு லொறியை ஓட்டச் சொல்கிறது.

எனக்குப் படுவது வேறொன்று. பிரசுரத்தில் இருந்த 'அமைதி' என்ற சொல்லைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். எங்கள் மொழியில் சமாதானத்துக்கும் அமைதிதான், சத்தம் இல்லாமைக்கும் அமைதிதான். இரண்டும் ஒன்றல்ல என்பதை 1987 இல் 'அமைதிப்படை' வந்திறங்கியபோது நாங்கள் செலவழித்துப் படித்தோம். மேஸ் மாவட்டத்தின் நாட்டுப்புறம் அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பு அங்கிருந்த சனத்தொகை இன்றுவரை திரும்பவில்லை. எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டமுடியாது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனதும் உண்டு. ஆனால் அந்த ஆறு ஊர்களின் அமைதிக்கு வேறு விளக்கம் கிடையாது. வாகனம் வராத வீதி என்று நாங்கள் ரசிப்பது, போவதற்கு வீடில்லாதபடியால் வாகனம் வராத வீதி. அமைதியான ஒரு பாதையில் போகிறவன் இது ஏன் அமைதியாக இருக்கிறது என்று கேட்கக் கடமைப்பட்டவன். இதுதான் நான் சொல்ல வந்தது.

கேட்டபின் ஓடலாமா என்றால், ஃப்ளெரியில் ஓடலாம் என்றே நினைக்கிறேன். ஏனெனில் அங்கே அழவேண்டியவர்கள் அழுது முடித்திருக்கிறார்கள். டூஓமோன் எலும்பகத்தில் அடையாளம் தெரியாத 130,000 பேருடைய எலும்புகள் கலந்து கிடக்கின்றன. நில மட்டத்தில் உள்ள சிறு கண்ணாடி யன்னல்களால் குனிந்து பார்க்கலாம். பிரெஞ்சு எலும்பு எது, ஜேர்மன் எலும்பு எது என்று ஒருவராலும் பிரிக்கமுடியாது. ஆனால் பெயர் வெட்டுகிற கல் பிரித்துத்தான் வைத்திருந்தது. ஜேர்மன் வீரன் ஒருவனுடைய பெயர் உள்ளே பொறிக்கப்பட 2014 வரை எடுத்தது. இங்கு மடிந்த முஸ்லிம் படைவீரருக்கு உரிய நினைவுச்சின்னம் 2006 இல்தான் வந்தது. ஆகவே நான் இவர்களை உதாரண புருஷர்களாகக் காட்டவில்லை. மெதுவாகவும் கஞ்சத்தனமாகவும் என்றாலும், பெயர்கள் எழுதப்பட்டன. அதற்குப் பிறகு சைக்கிள் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒழுங்கு மறுதலை. 2012 இல் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போனபோது ஏ9 வீதியில் கிளிநொச்சியில் பஸ் நின்றது. சாய்ந்து விழுந்த தண்ணீர்த் தாங்கி. தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் அதற்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு கடை. அந்தச் சனத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருடம் பயந்திருந்த சனம், அவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களாக இருக்கக்கூடும். ஆனால் அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் தன் பிள்ளையின் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாத தாய் இருந்தாள். கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்துத் தள்ளி, 2011 இல் அந்த நிலத்தில் படைத் தலைமையகம் திறந்திருந்தார்கள். கல்லறை போய்விட்டது, சுற்றுலாத் தலம் வந்துவிட்டது. புலிகளின் அரசியலோடு எனக்கு உள்ள கணக்கு வேறு. அதற்காக ஒரு தாய் அழுகிற இடத்தை உழுதுவிடலாம் என்று ஆகாது.

இவ்வளவையும் எழுதியபின் இங்கே நிறுத்தியிருந்தால் எனக்கு வசதி. ஆனால் ஃப்ளெரியில் மகனுக்கு நான் உடனே பதில் சொல்லாமல் நின்றதற்குக் காரணம் கிளிநொச்சி அல்ல.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லிப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்துக்குள் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். எனக்குப் பதினைந்து வயது. சில மாதம் கழித்து, பெற்றோல் தடைப்பட்டிருந்த காலம், நானும் இரண்டு சிநேகிதர்களும் சோனகதெருப் பக்கம் சைக்கிளில் போனோம். அலுவல் ஒன்றும் இல்லை. பார்க்கத்தான் போனோம். திறந்த கதவுகள், கழற்றப்பட்ட கூரைகள். எங்கள் வீதிகளிலெல்லாம் சனமும் சைக்கிளுமாக நெரிசல். அங்கே மட்டும் வெறும் வீதி. நான் இரண்டு கையையும் விட்டு, அந்தத் தெரு முடியும்வரை ஒரே மிதியாக மிதித்தேன். காற்று முகத்தில் அடித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஏன் அந்தத் தெரு அமைதியாக இருந்தது என்று எனக்குத் தெரியாமலா? என்னோடு படித்தவனின் வீடு அதில் இருந்தது. நான் மேலே சொன்ன கேள்விக்கு விடை தெரிந்துகொண்டே ஓடினேன். ஆகவே, தெரிந்துகொண்டு ஓடினால் சரி என்று நான் பிறருக்குச் சொல்வதில் ஏதோ குறைகிறது.

இறங்கியிருக்கவேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. பிரேதம் போனால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பது எங்கள் வழக்கம். ஆனால் இறங்குவதைப்பற்றி நான் பெரிதாகக் கதைக்கவும் முடியாது. சில தெருக்களில் சாதியின் பெயரால் 'இறங்கு' என்று கட்டளையிடப்பட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்களும் எங்கள் மண்ணில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். நியாயம்.

திரும்பி வரும்போது மேஸ் ஆற்றோரமாக இருந்த கொன்சன்வுவா ஜேர்மன் மயானத்தடியில் நின்றோம். 11,000 க்கு மேற்பட்டவர்கள். ஒருவரும் இல்லை, காற்று மட்டும். தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு மகனுக்கு அந்தத் தெருக்கதையைச் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்தில் முதன்முதலாக ஒருவருக்குச் சொன்னது. அவன் கன நேரம் பேசாமல் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

'அந்தச் சனம் திரும்பி வந்ததோ?'

'கொஞ்சப் பேர். கனபேர் இன்னும் புத்தளத்திலதான்.'

'நீங்கள் 2012 இல போகேக்க அங்க போய்ப் பார்த்தனீங்களோ?'

'நேரம் கிடைக்கேல்லைத் தம்பி' என்றேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து சோனகதெரு சைக்கிளில் பத்து நிமிடம். நான் அந்த முறை பதினெட்டு நாள் ஊரில் நின்றேன்.